94-க்கு மேல் ஏறாத நெட்: வீட்டு லேன் வயரில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் எங்களுடையது பழைய மச்சு வீடு. ரௌட்டர் கீழே பட்டாசலில் இருக்கிறது. மகன் மேலே மச்சில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி வேலையைப் பார்க்கிறான். போன சித்திரையில் ஒருநாள் இறங்கி வந்து, "அப்பா, 300 எம்பி பிளானுக்குக் காசு கட்டுதோம். மேல எப்பப் பாத்தாலும் 94தான் காட்டுது" என்றான். ராத்திரி பார்த்தாலும் 94, விடியற்காலையில் பார்த்தாலும் 94. புது ரௌட்டர் வாங்கலாமா என்று கேட்டான். கொஞ்சம் பொறு, வயரைப் பார்ப்போம் என்றேன்.

நான் 1986இல் தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து, 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வந்தவன். டவுன், மேலப்பாளையம், வள்ளியூர், உவரி என்று கம்பத்திலும் குழியிலும் கழிந்த வேலை அது. ரௌட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நெட் கொண்டுபோகிற இந்த லேன் வயரும் செம்புக் கம்பி ஜோடிதான். கோளாறு கண்டுபிடிக்கிற முறையும் பெரும்பாலும் அதேதான். இப்போது சொந்தக்காரர்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கூப்பிட்டால் போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 94ஐப் பற்றி. வெளியிலிருந்து வருகிற இணையம் மெதுவாக இருந்தால் வேகம் ஏறி இறங்கும். தெருவே படம் பார்க்கிற நேரத்தில் 120 வரும், நடுச்சாமத்தில் 280 வரும். எந்த நேரத்திலும் அசையாமல் 94, 95 என்று நின்றால் உங்கள் வீட்டுக்குள் ஏதோ ஓர் இணைப்பு 100 எம்பி வேகத்துக்கு இறங்கி ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த 100இல் முகவரி, சரிபார்ப்பு என்று வழிச்செலவு போக, கைக்குக் கிடைப்பதுதான் 94.

ஏன் 100க்கு இறங்குகிறது? லேன் வயரை உரித்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள் இருக்கும்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கம்பி முழு நிறம், மற்றது அந்த நிறக் கோடு போட்ட வெள்ளை. எங்கள் டெலிபோன் கேபிளின் முதல் நான்கு நிறங்களும் இவைதான் என்பதால் முதல் முறை உரித்துப் பார்த்தபோது பழைய ஆளைச் சந்தித்த மாதிரி இருந்தது. 100 எம்பி ஓடுவதற்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். 1000 எம்பிக்கு, ஜிகாபிட் என்கிறார்களே அதற்கு, நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி விட்டுப்போனால் போதும். இரண்டு முனையிலும் இருக்கிற பெட்டிகள் 1000ஐ முயன்று பார்த்துவிட்டு 100இல் வந்து நிற்கும். விளக்கு எரியும், நெட் வரும், படம் ஓடும். அதனால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே இருந்துவிடும். சில பழைய பெட்டிகளுக்கு இறங்கவும் தெரியாது. அங்கே நெட் வருவதும் போவதுமாக, விளக்கு எரிவதும் அணைவதுமாகக் கிடக்கும்.

இதைப் பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் வயரைச் செருகிவிட்டு செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்றிருந்தால் சரி. 100/100 என்றிருந்தால் வயரைச் சந்தேகப்படலாம். ஆனால் அதற்கு முன்னால் வயரைச் செருகுகிற துளையையும் பாருங்கள். விலை குறைந்த ரௌட்டர்களில் எல்லாத் துளையும் 100தான். சில ஃபைபர் பெட்டிகளில் ஒரு துளை மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாக மாட்டுகிற பழைய அடாப்டரும் 100ஆக இருக்கலாம். இது தெரியாமல் நல்ல வயரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

சரி, வயர்தான் என்று சந்தேகம் வந்துவிட்டது. இனி எங்கே தொடுவது?

டெலிபோன் லைன் எக்சேஞ்சிலிருந்து பில்லர் என்ற தெருப் பெட்டிக்கு வரும், பில்லரிலிருந்து டிபி என்கிற சின்னப் பிரிப்புப் பெட்டிக்கு, அங்கிருந்து டிராப் வயர் என்ற கடைசி வயரில் வீட்டுக்கு. புகார் வந்தால் நடுவில் டிபியில் டெஸ்ட் போனைப் போட்டு டயல் டோன் வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் கோளாறு வீட்டுப் பக்கம். வராவிட்டால் எக்சேஞ்ச் பக்கம். பாதி ஊரை அலசுகிற வேலை அங்கேயே மிச்சம். அப்புறம் மிஞ்சிய பாதியை மறுபடி பாதியாக்குவோம். வீட்டுக்குள்ளும் இதையே செய்யுங்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரௌட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு சின்ன நல்ல வயரால் நேராக இணைத்துப் பாருங்கள். 1000 காட்டினால் ரௌட்டர், லேப்டாப் இரண்டும் சுத்தம். கோளாறு இரண்டுக்கும் நடுவே. அடுத்தது சுவர்ச் சாக்கெட்டுகள். கீழ்ச் சாக்கெட்டிலிருந்து ரௌட்டருக்குப் போகிற சின்ன வயரை மாற்றுங்கள். பிறகு மேல்ச் சாக்கெட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவதை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவசரத்தில் இரண்டையும் சேர்த்து மாற்றி, சரியாகிவிட்டது என்று எழுந்து போனால் கெட்டுப்போன வயர் அலமாரிக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதையே எடுத்து மாட்டுவீர்கள்.

அதனால் ஒரு நல்ல வயர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் போதும். ஆலையில் முனை வைத்து வந்ததாக வாங்குங்கள். சிவப்பு டேப் சுற்றித் தனியாக வையுங்கள், அன்றாடத்துக்கு எடுக்காதீர்கள். எங்களுக்கு டெஸ்ட் போன் எப்படியோ அப்படி உங்களுக்கு அந்த வயர்.

நெட் விட்டு விட்டு வருகிற கோளாறுக்கு இன்னொரு சோதனை. கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் (ping) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ரௌட்டரின் எண்ணைக் கொடுத்து (192.168.1.1 அல்லது 192.168.0.1ஆக இருக்கும், ரௌட்டருக்கு அடியில் ஒட்டியிருப்பார்கள்), கடைசியில் ஒரு சின்னக் கோடும் டி எழுத்தும் (-t) சேருங்கள். அது ரௌட்டரைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று, நீங்கள் நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும். வயரில் இருந்தால் ஒவ்வொரு பதிலும் ஒரு மில்லிசெகண்டுக்குள் வரவேண்டும். அது ஓடும்போதே ஒருவர் திரையைப் பார்க்க, இன்னொருவர் வயரின் முனையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். பிறகு சாக்கெட், பிறகு ஜன்னலில் நசுங்கும் இடம், பிறகு ஆணி அடித்த கிளிப். எந்த இடத்தைத் தொடும்போது பதில் நிற்கிறதோ அங்கே கோளாறு. ரௌட்டர் வரைக்கும் பதில் தவறாமல் வருகிறது, ஆனாலும் வெளியே நெட் இல்லை என்றால் உங்கள் வயரை விட்டுவிடுங்கள். ஃபைபர் பெட்டியில் லாஸ் (LOS) என்ற சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, கனெக்ஷன் கொடுத்தவர்களுக்குப் போன் போடுங்கள். அந்த மெல்லிய மஞ்சள் ஃபைபர் வயரைக் கூர்மையாக மடக்கவும் கூடாது, கழற்றி அதன் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது.

நான் பார்த்தவரை கோளாறு அநேகமாக முனையில்தான் இருக்கும். சுவருக்குள் நிம்மதியாகக் கிடக்கிற வயருக்கு ஒன்றும் ஆவதில்லை. எங்கள் மச்சிலும் அப்படித்தான். சாக்கெட்டைக் கழற்றினால் பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி அதைக் கவ்வுகிற உலோகப் பல்லுக்குள் அழுந்தாமல் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அழுத்திவிட்டேன், 1000க்கு வந்துவிட்டது. இரண்டு நிமிஷ வேலை.

முனை வைப்பதை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். முனையை அழுத்துகிற கிரிம்பிங் டூல், வயர் முனையில் மாட்டுகிற ஆர்ஜே 45 கனெக்டர் கொஞ்சம், எட்டுக் கம்பியும் போகிறதா என்று விளக்கில் காட்டுகிற ஒரு லேன் டெஸ்டர் வேண்டும். மேலுறையை ஒன்றேகால் அங்குலம் உரியுங்கள். உள்கம்பியில் கத்தி படக் கூடாது, கீறல் விழுந்த இடத்தில்தான் பின்னால் ஒடியும். கனெக்டரின் கிளிப் தரையைப் பார்க்க, வயர் நுழைகிற வாய் உங்களைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. அரை அங்குலத்துக்குச் சமமாக நறுக்கி, செம்பு முனை எட்டும் கனெக்டரின் நெற்றியில் முட்டுகிறவரை தள்ளுங்கள். மேலுறையும் கனெக்டருக்குள் போய், அழுத்தும்போது கடிபட வேண்டும். வெறும் கம்பிகளை மட்டும் பிடித்துக்கொண்டு மேலுறை வெளியே நிற்கிற முனை சீக்கிரம் விட்டுப்போகும். அது எந்தக் கடையில் செய்ததாக இருந்தாலும் வெட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். கிளிப் ஒடிந்த முனையையும் அப்படியே. காகிதம் மடித்துச் செருகி ஓட்டாதீர்கள்.

நிற வரிசையைப் பற்றி ஒன்றை விவரமாகச் சொல்ல வேண்டும். நான் இதில் தப்பு செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற புதிதில், பெருமாள்புரத்தில் மச்சினன் வீட்டில் பட்டாசலிலிருந்து மொட்டைமாடி அறை வரைக்கும் 25 மீட்டர் வயர் இழுத்தேன். டெலிபோன் கை அல்லவா, ஜோடியை ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. இரண்டு முனையிலும் அதே வரிசை. டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிந்தது. நெட்டும் வந்தது. ஆனால் காலையில் தண்ணீர் மோட்டார் போட்டால் போதும், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு அறுந்துவிடும். மோட்டார் நின்றால் சரியாகிவிடும். "அத்தான், மோட்டாருக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மச்சினன் கேட்டான். எனக்கும் மூன்று நாள் விளங்கவில்லை.

விஷயம் முறுக்கில் இருக்கிறது. ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் முறுக்குவதன் காரணம், வெளியிலிருந்து வருகிற மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு படவேண்டும் என்பது. மறுமுனையில் இருக்கிற பெட்டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். கனெக்டரில் 1, 2 ஒரு ஜோடி. 3, 6 ஒரு ஜோடி. 4, 5 ஒரு ஜோடி. 7, 8 ஒரு ஜோடி. 3ஆம் இடமும் 6ஆம் இடமும் ஒன்றாக முறுக்கிய கம்பிகளாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பச்சையின் நடுவே நீலம் உட்கார்கிறது. நான் வைத்த வரிசையில் 3இல் வெள்ளை-பச்சை, 6இல் நீலம். இரண்டும் வேறு வேறு முறுக்கு. டெஸ்டர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கம்பி போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு அந்த வயர் மோட்டார் வயர் போகிற அதே குழாயில் ஓடியது. முனை இரண்டையும் வெட்டிச் சரியான வரிசையில் வைத்ததும் மோட்டார் ஓடினாலும் நெட் அசையவில்லை. ஆனாலும் அதோடு விடாமல் வேறு குழாய் போட்டுப் பிரித்தேன். 230 வோல்ட் வயரோடு லேன் வயரை ஒரே குழாயில் விடுவது ஆபத்து. மேலுறை உருகினால் மின்சாரம் ரௌட்டருக்கு வரும், கை வைப்பவருக்கும் வரும். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்குத்தாகக் கடந்து போகட்டும். கூடவே நீளவாக்கில் ஓடவேண்டாம்.

ஆகவே டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தும் நெட் தடுமாறினால், முனையைக் கண்ணருகே பிடித்து நிறத்தை எண்ணுங்கள். கனெக்டர் கண்ணாடி மாதிரி இருப்பதே அதற்குத்தான்.

அடுத்து வயரே மோசமாக இருப்பது. செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் மலிவாக விற்கிறது. 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே லேசாக இருக்கும். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளி மாதிரி மின்னினால் அலுமினியம். அலுமினியம் செம்பு கடத்துவதில் நூற்றுக்கு அறுபது பங்குதான் மின்சாரம் கடத்தும். நாலு தடவை வளைத்தால் ஒடியும். லேன் வயர் வழியாகவே மின்சாரம் வாங்குகிற கேமராவுக்கு அதைப் போட்டால் நீண்ட தூரத்தில் வோல்டேஜ் குறைந்து, ராத்திரி கேமராவின் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் அணைந்து அணைந்து எரியும். இதற்கு வைத்தியம் கிடையாது, மாற்ற வேண்டியதுதான். வீட்டுக்கு முழுச் செம்பில் கேட் 5இ என்ற ரக வயர் போதும், ஜிகாபிட்டை 100 மீட்டர் வரைக்கும் கொண்டுபோகும். புது வீடு கட்டிச் சுவருக்குள் புதைக்கிறவர்கள் கேட் 6 போடலாம்.

வெளியே ஓடும் வயருக்கு நம் ஊர்ப் பக்கத்தில் இடத்துக்கு இடம் பகை வேறு. பாளையங்கோட்டை வெயிலில் மொட்டைமாடியில் கிடக்கும் சாம்பல் நிற வயர் சில வருஷத்தில் வெடித்துவிடும். அது வீட்டுக்குள் போடுகிற வயர். வெளிக்கென்று கறுப்பு மேலுறையோடு தனியாக வருகிறது, அதைக் கேளுங்கள். வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கினால் உறைக்குள்ளேயே ஊர்ந்து ரௌட்டர் வரைக்கும் வந்துவிடும். சுவர்த் துளைக்குள் நுழையும் முன் வயரைக் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டு, பிறகு மேலே ஏற்றுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போகும். நாங்கள் எல்லா வீட்டு டிராப் வயருக்கும் இப்படித்தான் விடுவோம்.

பணகுடியில் தங்கச்சி வீட்டில் ஆனி, ஆடியில் மட்டும் நெட் போகும். அந்தக் காற்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், காற்றாலை சும்மாவா வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து மாட்டுத்தொழுவத்துக் கேமராவுக்கு வயர் அந்தரத்தில் போகிறது. கொக்கியில் மாட்டின இடத்தில் ஆடி ஆடி உள்ளே ஒரு கம்பி ஒடிந்திருந்தது. வெளியே உறை நன்றாகவே இருந்தது. ஒரு இரும்புக் கம்பியை முதலில் இழுத்துக் கட்டி, அதோடு வயரைத் தளர்வாகச் சேர்த்துக் கட்டினேன். பாரம் இரும்பின்மேல் போய்விட்டது.

உவரியில் மைனி வீட்டில் உப்புக்காற்று. கனெக்டரின் பல்லில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது, பல்லில் பூசியிருக்கும் தங்க முலாம் போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டுத் துடைக்கலாம். நன்றாகவே பூத்துவிட்டால் முனையை வெட்டிப் புதிதாக வைப்பது நல்லது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கொக்கிரகுளம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது கீழ்ச் சாக்கெட்டுகள் முங்கின. காய்ந்த பிறகு நெட் வந்தது. வந்ததே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். "அண்ணாச்சி, கனெக்ஷன்காரவிய வந்து பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ, ஆனா நிக்க மாட்டேங்கு" என்றார் ஒருவர். உள்ளே செம்பு அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. முங்கிய முனையை ஓரடி வெட்டிப் பாருங்கள். உள்ளே கம்பி பளிச்சென்று சிவப்பாக இருந்தால் அங்கிருந்து முனை வையுங்கள். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் வயர் முழுவதையும் மாற்றுங்கள். நடுவில் வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற ஒட்டு வேண்டவே வேண்டாம். டெலிபோன் பேச்சு அதில் போய்விடும், ஜிகாபிட் போகாது.

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்பு வயர் போட்டிருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை இடிக்கு முன் இரண்டு முனையையும் கழற்றி வையுங்கள். முடிந்தால் அந்தத் தூரத்துக்கு மட்டும் ஃபைபர் போட்டு, இரு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் என்ற சின்னப் பெட்டி வையுங்கள். கண்ணாடி இழையில் மின்னல் வராது. கம்பத்து வேலையில் நான் பார்த்தவற்றை வைத்து, இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாக இழுக்கும்போது இரண்டு முனையிலும் ஒரே பெயரை எழுதி ஒட்டுங்கள், 'மச்சு கிழக்கு', 'அடுக்களை' என்று. ஒவ்வொரு முனையிலும் ஓரடி வயரைச் சாக்கெட்டுக்குப் பின்னால் மிச்சம் வையுங்கள். அடுத்த தடவை முனை வெட்டும்போது நீளம் போதாமல் தவிக்க வேண்டியிராது. குழாய்க்குள் வயரோடு சேர்த்து ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வைத்தால், நாளைக்கு வேறு வயர் இழுக்கவேண்டி வரும்போது சுவரை உடைக்காமல் அந்தக் கயிற்றிலேயே கட்டி இழுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக் குழாயில் பச்சைக் கயிறு கிடக்கிறது. மகனிடம் இடத்தைக் காட்டி வைத்திருக்கிறேன்.